சுனைப்பட்டு வண்டிக்கு வேறு இன்ஜின்

ஆம்பூர்
27 ஜனவரி 2025

முத்துமாரிக்கு,

ஹுமேரா எழுதுறேன். உங்க மலையில போன் டவர் இல்ல. நீ சந்தைக்குக் கீழ இறங்குற நாள்ல அடிச்சா எடுக்க மாட்டேங்குற. அதனாலதான் லெட்டர். தபால்காரர் கோதண்டபாணி வாரத்துல ரெண்டு தரம் சுனைப்பட்டுக்கு ஏறுவாருன்னு சொன்னாங்க. அவர் கையில வரும்.

வெள்ளிக்கிழமை என் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில, கஸ்டமருங்க எதிர்ல நீ சொன்னதை நான் மறக்கல. "ஒவைஸ் பாய் உயிரோட இருந்திருந்தா இந்த இன்ஜினை எனக்குக் குடுத்திருப்பாரு. உனக்கு நட்டு போல்ட்டு எடை போடத்தான் தெரியும்." என் வீட்டுக்காரர் மௌத்தானதுல இருந்து இந்தக் கடையை நான்தான் நடத்துறேன். ஷூ கம்பெனில நீயும் நானும் ஒரே மேஜையில தோல் தெச்சப்போ எனக்கு ஊசி நூல்தான் தெரியும், வாஸ்தவம். இப்போ ஒரு கியர்பாக்ஸைப் பாத்தா எந்த வண்டியோடது, எந்த வருஷத்துதுன்னு சொல்லுவேன். இனிமே அந்தப் பேச்சை எழுத மாட்டேன். வண்டி விஷயம் மட்டும் எழுதுறேன்.

ஆளு ஏத்துற உன் ஜீப்பு வண்டில இருந்தது பம்ப்பு வெச்ச பழைய டீசல் இன்ஜின். அதோட பிளாக்கு விரிசல் விட்டுப் போச்சி. நீ கேக்கறது என் ஷெட்டுல கெடக்குற புது மாடல் இன்ஜின். இழுவை ஜாஸ்தி. ரெண்டும் ஒரே கம்பெனி தானே, தூக்கி வெச்சா உக்காராதான்னு கேட்ட. உக்காராது. இன்ஜின் முதுகுல இருக்குற போல்ட்டு ஓட்டை ஒரு இடம், உன் கியர்பாக்ஸ் வாயில இருக்குற ஓட்டை வேற இடம். கியர்பாக்ஸ்ல இருந்து முன்னால நீட்டிக்கிட்டு இருக்குற ஷாஃப்ட்டுல பெரிய பல்லு. புது இன்ஜினோட கிளட்ச் பிளேட்டுல பொடிப் பல்லு. ஒண்ணுல ஒண்ணு நுழையாது.

அப்போ புது கியர்பாக்ஸையும் சேத்தே போட்டுக்கறேன்னு சொன்ன. அது பின் சக்கரத்தை மட்டும் ஓட்டுறது. நாலு சக்கரத்துக்கும் பிரிச்சிக் குடுக்குற பெட்டியை மாட்ட அதுல இடமே கிடையாது. மழை பேஞ்ச மறுநாள் உங்க பாதையில பின் சக்கரம் மட்டும் சுத்தினா எங்க போய் நிப்பன்னு உனக்கே தெரியும்.

எல்லாத்துக்கும் மேல, அவ்ளோ இழுவையை உன் பழைய கியர்பாக்ஸ் தாங்காது. ஏதாவது ஒரு ஏத்தத்துல உள்ள பல்லு பேந்துடும். தெரிஞ்சே அந்த இன்ஜினை உனக்கு விக்க மாட்டேன். ராணிப்பேட்டைல பழைய பம்ப்பு இன்ஜின் ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன். அது அப்படியே உக்காரும். வேணும்னா எழுது.

ஹுமேரா

*

சுனைப்பட்டு
3 பிப்ரவரி 2025

ஹுமேரா ஸ்பேர்ஸ் முதலாளியம்மா அவர்களுக்கு,

முத்துமாரி வணக்கம். உங்க லெட்டர் வந்தது. கோதண்டபாணி அண்ணன் மூச்சு வாங்க ஏறி வந்து குடுத்தாரு. மோர் குடுத்து உக்கார வெச்சேன். என் வண்டி ஓடினா அவரு ஏன் நடக்கப் போறாரு?

பழைய இன்ஜினே போட்டுக்கன்னு சொல்றீங்க. நீங்க ஒரு தடவையாவது என் வண்டில மலை ஏறி இருக்கீங்களா? ஆளு நிறைஞ்சா கடைசி வளைவுல எல்லாரும் இறங்கித் தள்ளணும். வயசான ஜனம், கைக்குழந்தைக்காரி எல்லாம் இறங்கி நடக்கணும். பம்ப்பு இன்ஜினோட லட்சணம் அது. அதையே திரும்ப வாங்கி மாட்ட எனக்கு இன்னா பைத்தியமா?

இந்த வருஷம் எங்க ஊருப் பொண்ணுங்க ஆம்பூர்ல பிளஸ் டூ பரீட்சை எழுதறாங்க. இந்த மலையில இருந்து இதுவரைக்கும் ஒரு பொண்ணும் எழுதினது இல்ல. கீழ ஹாஸ்டலை ரிப்பேருன்னு மூடிட்டாங்க. மார்ச்சு பூரா இங்க இருந்துதான் போய் வரணும். "போதும், நிறுத்திடலாம்"னு சொன்ன அப்பன்மாருங்க வீட்டுக்கெல்லாம் போய், "என் வண்டி இருக்கு, நான் கொண்டு போய் விடறேன்"னு வாக்கு குடுத்தவ நானு. அதைக் காப்பாத்தணும்.

நீங்க விக்கலன்னா உலகமே விக்காதா? வேலூர்ல ஆல்வின்னு ஒருத்தரு ஒர்க்ஷாப் வெச்சிருக்காரு. அதே மாடல் இன்ஜின் அவருகிட்ட இருக்கு. நடுவுல ஒரு இரும்புத் தட்டு வெச்சி, ஒரு பக்கம் இன்ஜின் ஓட்டை, இன்னொரு பக்கம் கியர்பாக்ஸ் ஓட்டை போட்டா வேலை முடிஞ்சிதுன்னு சொன்னாரு. என் பழைய கியர்பாக்ஸ், நாலு சக்கரப் பெட்டி எல்லாம் அப்படியே இருக்கும். வண்டியை லாரில ஏத்தி வேலூருக்கு அனுப்பிட்டேன்.

நீங்க நட்டு போல்ட்டைப் பாருங்க.

முத்துமாரி

*

ஆம்பூர்
8 பிப்ரவரி 2025

முத்துமாரிக்கு,

உன் இஷ்டம். ஆல்வின் யாருன்னு எனக்குத் தெரியாது. கை சுத்தமான ஆளா, அவசரக்காரனான்னும் தெரியாது. பேஜாராத்தான் இருக்கு. ஆனா பிள்ளைங்களை ஏத்தப் போறேன்னு எழுதிட்ட. அதனால கோவத்தோடயே எழுதுறேன், படிச்சி அந்த ஆளுகிட்ட சொல்லு.

கிளட்ச் பிளேட்டு புது இன்ஜினோட சைஸ்ல இருக்கணும், நடு மையம் மட்டும் உன் பழைய பெரிய பல்லோடதா வெச்சி ரிவெட் அடிக்கணும். அந்தத் தட்டு எவ்ளோ கனமோ அவ்ளோ தூரம் கியர்பாக்ஸ் பின்னால தள்ளிப் போகும். முன்னாலயும் பின்னாலயும் சக்கரத்துக்குப் போற நீட்டு ஷாஃப்ட்டை அதுக்குத் தக்க மாத்தணும். இன்ஜின் மையமும் கியர்பாக்ஸ் மையமும் ஒரே கோட்டுல நிக்கணும். கண்ணால பாத்து "சரியா இருக்கு"ன்னு சொன்னா நம்பாத. அளவு பாக்கற கேஜ் வெச்சிக் காட்டச் சொல்லு.

இவ்ளோ செஞ்சாலும் கியர்பாக்ஸ் தாங்காதுன்னுதான் நான் இன்னும் சொல்றேன்.

ஹுமேரா

*

சுனைப்பட்டு
4 மார்ச் 2025

முதலாளியம்மாவுக்கு,

வண்டி வந்துடுச்சி! ஓடுது! ஓடுதுன்னா உங்க ஆம்பூர் பைபாஸ்ல ஓடற மாதிரி இல்ல. நேத்து தமிழ்ப் பரீட்சை. பிள்ளைங்க, அவங்க அம்மாமாருங்க, ரெண்டு மூட்டை புளி, எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு சாயங்காலம் திரும்பி ஏறினேன். கடைசி வளைவுல ஒருத்தரும் இறங்கல. ரெண்டாவது கியர்லயே ஏறிப் போய்ட்டேன் அக்கா. என் வீட்டுக்காரரு அன்பரசன் மேல நின்னு பாத்துட்டு, "காலி வண்டியா வர்றியா?"ன்னு கேக்கறாரு! உள்ள பாத்தா மூஞ்சி மூஞ்சியா இருக்கு.

(அக்கான்னு எழுதிட்டேன். அடிச்சா அசிங்கமா இருக்கும். இருந்துட்டுப் போவட்டும்.)

நீ சொன்னதெல்லாம் ஆல்வின்கிட்ட படிச்சிக் காட்டினேன். கிளட்ச் பிளேட்டு அப்படியே செஞ்சாரு. நீட்டு ஷாஃப்ட்டும் மாத்தினாரு. கேஜ் மட்டும் "அதெல்லாம் எதுக்கும்மா, என் கண்ணே கேஜ்"னுட்டாரு. கியர்பாக்ஸ் பல்லு பேந்துடும்னு சொன்னியே, ஒரு பல்லும் பேரல. கியரு வெண்ணெய் மாதிரி விழுது.

கிளட்ச் மிதிச்சா மட்டும் ஒரு முனகல் சத்தம். விட்டா நின்னுடும். புது வண்டி பழகற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்னு ஆல்வின் சொல்லிட்டாரு.

அடுத்தது இங்கிலீஷு. அப்புறம் பதினொண்ணாம் தேதி காமர்ஸு. உன் துவா இருந்தா வேணாம்னு சொல்ல மாட்டேன்.

முத்துமாரி

*

ஆம்பூர்
8 மார்ச் 2025

முத்துமாரி,

இதைப் படிச்ச நிமிஷத்துல வண்டியை நிறுத்து. யாரையும் ஏத்தாத.

கிளட்ச் மிதிச்சா சத்தம், விட்டா இல்லன்னு எழுதின. அது பழகற சத்தம் இல்ல. கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டோட மூக்கு, இன்ஜின் நடுவுல குழல் மாதிரி இருக்குற ஒரு சின்ன புஷ்ல போய் உக்காரணும். அதுதான் அந்த ஷாஃப்ட்டுக்கு முன்னால இருக்குற ஒரே பிடி. நடுவுல தட்டு வெச்சதால கியர்பாக்ஸ் பின்னால போய், மூக்கு புஷ் உள்ள முழுசா எட்டாம நுனியில தொத்திக்கிட்டு இருக்குன்னு நினைக்கறேன். நுனி தேஞ்சிட்டா ஷாஃப்ட்டு ஆடும். ஆடினா கிளட்ச் பிளேட்டோட மையம் பிச்சிக்கும். அப்புறம் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ஏறுறப்போ அப்படி ஆச்சின்னா நின்னுடுவ. இறங்குறப்போ ஆச்சின்னா கியர்ல வண்டியைப் பிடிச்சி நிறுத்த முடியாது. பிரேக்கு மட்டும்தான்.

நான் பயமுறுத்தறதுக்கு எழுதல. ஜெயிச்சிட்டேன்னு சொல்றதுக்கும் எழுதல. நிறுத்து.

ஹுமேரா

*

சுனைப்பட்டு
12 மார்ச் 2025

அக்கா,

நீ எட்டாந்தேதி எழுதின லெட்டர் இன்னிக்கித்தான் வந்தது. கோதண்டபாணி அண்ணனுக்குக் காய்ச்சலு, இவ்ளோ நாளும் ஏறல. நேத்து காலைல நடந்ததை நீயே கண்ணால பாத்துட்ட. ஆனா நீ வர்றதுக்கு முன்னால நடந்தது உனக்குத் தெரியாது. எழுதறேன்.

விடிஞ்சதும் கிளம்பிட்டோம். பொண்ணுங்க எல்லாம் பின்னால உக்காந்து வாய்விட்டுப் படிச்சிக்கிட்டு வந்தாங்க. நடு மலை தாண்டி, பாதை சரேல்னு இறங்குற இடம் தெரியும் இல்ல, அங்க ரெண்டாவது கியர்ல போய்க்கிட்டு இருந்தேன். அடியில "டங்"குன்னு ஒரு சத்தம். காலுக்குக் கீழ தரை உதறிச்சி. அடுத்த நிமிஷம் இன்ஜின் தன்பாட்டுக்குச் சும்மா உறுமுது, வண்டி காத்துல விட்ட மாதிரி ஓடுது. முதல் கியர் போட்டேன். ஒண்ணும் இல்ல. பிரேக்கு பிடிச்சேன், பிடிச்சது. ஆனா அந்த இறக்கத்துல பிடிச்சிக்கிட்டே போனா சூடாகி விட்டுடும்னு தெரியும். வாடை வர ஆரம்பிச்சிடுச்சி.

பள்ளத்துப் பக்கம் பாக்கவே இல்ல. மலைப் பக்கம் தண்ணி ஓடற வாய்க்கால் இருக்கு. "எல்லாரும் கம்பியைப் பிடிங்க"ன்னு கத்திட்டு, இடது சக்கரத்தை வாய்க்கால்ல இறக்கி, பக்கவாட்டை மண்ணுல உரசிக்கிட்டே போனேன். கண்ணாடி உடைஞ்சிது. கதவு நசுங்கிச்சி. வண்டி நின்னுடுச்சி. ஒரு பொண்ணுக்கு முழங்கைல சிராய்ப்பு. வேற ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்ல அக்கா.

ஒருத்தியும் அழல. சுந்தரின்னு ஒரு பொண்ணு, இவ அப்பனைத்தான் நான் ரொம்பக் கெஞ்சினது, "அக்கா, மணி இன்னா? நடந்தா போய்ட முடியுமா?"ன்னு கேட்டா. நான் வாட்சைப் பாக்கறேன். அப்போதான் கீழ் வளைவுல உன் பிக்கப் ஏறி வருது.

நீ இறங்கின. வண்டி அடியில குனிஞ்சி பாத்த. பிள்ளைங்களை ஏத்தின. என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. திருப்பிக்கிட்டுப் போய்ட்ட. பரீட்சைக்கு நேரத்துக்கு உள்ள போய்ட்டாங்கன்னு சாயங்காலம் அவங்க வந்து சொன்னப்புறம்தான் தண்ணி குடிச்சேன்.

அன்னிக்கிக் கடையில நான் சொன்னது வாயில வந்திருக்கக் கூடாது. உன்னைக் குத்தணும்னுதான் பாய் பேரை எடுத்தேன். அவரும் அதைக் கேட்டிருந்தா என் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டாரு.

முத்துமாரி

*

ஆம்பூர்
13 மார்ச் 2025

முத்துமாரி,

என் லெட்டர் அடிவாரத் தபால் ஆபீஸ்லயே கெடக்குதுன்னு திங்கக்கிழமை சாயங்காலம்தான் தெரிஞ்சிது. ராத்திரி பூரா தூக்கம் இல்ல. நோன்பு வெச்சிட்டு, தொழுதுட்டு உடனே கிளம்பிட்டேன். வளைவு திரும்பினதும் உன் வண்டி சாஞ்சி கெடக்கறதைப் பாத்தேன். பிள்ளைங்க நிக்கறதை அப்புறம்தான் பாத்தேன். நடுவுல இருந்த நேரம் எனக்கு இன்னும் முடியல.

பேசி இருந்தா அழுதிருப்பேன். ரோட்டுல, அந்தப் பிள்ளைங்க எதிர்ல அழுதா அவங்க பரீட்சை எழுதவா? அதான் பேசல. பாய் விஷயத்தை விட்டுடு. நீ எழுதினதே போதும்.

மீதி பரீட்சை நாளுக்கு என் பிக்கப் உன் வண்டி நின்ன அந்த வளைவு வரைக்கும் வரும். அதுக்கு மேல அதால ஏற முடியாது. அதுவரைக்கும் பிள்ளைங்க நடந்து இறங்கட்டும்.

இப்போவாவது கேளு. ராணிப்பேட்டை இன்ஜின் இன்னும் இருக்கு. இந்த இன்ஜினைக் கழட்டிடு.

ஹுமேரா

*

சுனைப்பட்டு
15 மார்ச் 2025

அக்கா,

கழட்ட மாட்டேன்.

கோவப்படாம முழுசா படி. வண்டியை அந்த வளைவுலயே தார்ப்பாய் கட்டி, அன்பரசனும் நானும் புளியமரத்துல கயிறு போட்டு கியர்பாக்ஸை இறக்கினோம். நீ கண்ணால பாக்காமலே எழுதினது அச்சு அசலா அப்படியே இருக்கு. புஷ்ஷோட உள் பக்கம் புதுசு மாதிரி இருக்கு. வாய்ப் பக்கம் மட்டும் ஒரு சைடா தேஞ்சி சங்கு மாதிரி விரிஞ்சி கெடக்குது. ஷாஃப்ட்டு மூக்குல நகக்கண் அளவுக்குத்தான் உரசின பளபளப்பு. அவ்ளோதான் உள்ள எட்டி இருக்கு. கிளட்ச் மையம் பிச்சிக்கிட்டு ரிவெட்டெல்லாம் உதிர்ந்து கெடக்குது. அது நீ சொன்னது. ஒத்துக்கறேன்.

ஆனா நீ சொன்ன இன்னொண்ணு நடக்கல. கியர்பாக்ஸ் மூடியைத் திறந்து ஒவ்வொரு பல்லா துடைச்சிப் பாத்தேன். ஒண்ணு கூட பேரல, விரிசல் இல்ல, எண்ணெய்ல இரும்புத் தூள் இல்ல. ஷாஃப்ட்டுப் பல்லும் நேரா இருக்கு. மூட்டையும் ஆளுமா மலை ஏறி இருக்கேன். இழுவை தாங்காத கியர்பாக்ஸ்னா இதுக்குள்ள காட்டி இருக்காதா? கெட்டது கியர்பாக்ஸும் இல்ல, இன்ஜினும் இல்ல. ஆல்வின் வெச்ச தட்டுதான் ரெண்டையும் தள்ளி நிக்க வெச்சிடுச்சி. அதுக்கு இன்ஜினை ஏன் கழட்டணும்?

வாய்ப் பக்கம் ஒரு சைடா தேஞ்சி இருக்கறதைப் பாத்தா மையமும் தப்பி இருக்குன்னு தோணுது. அதை எப்படிப் பாக்கறதுன்னு நீதான் சொல்லணும். எனக்குத் தெரியல.

ஷாஃப்ட்டு எட்டலன்னா புஷ்ஷை நீட்ட முடியாதா?

முத்துமாரி

*

ஆம்பூர்
17 மார்ச் 2025

முத்துமாரி,

உன் லெட்டரை லியாகத் அலி பாயோட லேத் பட்டறைக்கு எடுத்துக்கிட்டுப் போய்ட்டேன். கடைசி வரியைப் படிச்சதும் அவரு கண்ணாடியைக் கழட்டிட்டு, "இதை எழுதினது யாரு?"ன்னு கேட்டாரு. என் தோஸ்த்துன்னு சொன்னேன்.

புஷ்ஷை நீட்டலாம். பாதி இன்ஜினுக்குள்ள இறுக்கமா உக்காரும், மீதி வெளிய நீட்டிக்கிட்டு வந்து மூக்கை முழுசா வாங்கிக்கும். வெண்கலத்துல கடைஞ்சி குடுத்துட்டாரு. இந்தப் பெட்டில இருக்கு. புது கிளட்ச் பிளேட்டு, பழைய பல்லு மையத்தோட, கூட இருக்கு.

பெட்டில கடிகாரம் மாதிரி ஒண்ணு இருக்கும், அடியில காந்தம். அதுதான் கேஜ். இன்ஜின் பின்னால சுத்துற சக்கரத்துல காந்தத்தை ஒட்டு. முள்ளை கியர்பாக்ஸ் கூட்டோட நடு ஓட்டை விளிம்புல தொட வை. இன்ஜினைக் கையால மெதுவா ஒரு சுத்து சுத்து. முள்ளு எந்தப் பக்கம் ஜாஸ்தி ஓடுதோ அந்தப் பக்கம் மையம் தள்ளி இருக்கு. தட்டைப் பிடிக்கிற பின்னுக்குப் பதிலா மையம் ஒரு பக்கமா தள்ளிக் கடைஞ்ச பின்னு அனுப்பி இருக்கேன். அதைத் திருப்பித் திருப்பி, முள்ளு தலைமுடி கனத்துக்கு மேல அசையாத வரைக்கும் கொண்டு வா. அவசரப்படாத. முடிஞ்சிதுன்னு தோணினப்புறம் இன்னொரு தரம் சுத்திப் பாரு.

கியர்பாக்ஸ் தாங்காதுன்னு சொன்னது என் தப்பு. புத்தகத்துல இருக்குற இழுவைக் கணக்கை வெச்சிச் சொன்னேன். அது பெரிய கியர்ல வேகம் கம்மியா இருக்குறப்போ அழுத்தி மிதிக்கறவங்களுக்கு. நீ சின்ன கியர்ல, பாத்துப் பாத்து ஏறுறவ. நீ பல்லைத் துடைச்சிப் பாத்துட்டு எழுதுற, நான் பாக்காம எழுதினேன். உன் பேச்சுதான் நிக்குது.

இன்ஜின் வாங்கின பில்லைப் பத்திரமா வை. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அனுமதி வாங்கி, வண்டியைக் காட்டி, புது இன்ஜின் நம்பரை ஆர்.சி.ல ஏத்தணும். அது ஆகாம ஆளு ஏத்தினா இன்சூரன்ஸ் செல்லாது. அதுக்கு நான் கூட வர்றேன். அங்க பேசறதுக்கு உன் வாய் போதாது.

ஹுமேரா

*

சுனைப்பட்டு
26 மார்ச் 2025

அக்கா,

கேஜ் வெச்சிப் பாத்தேன். முதல் சுத்துலயே முள்ளு குதிரை மாதிரி ஓடிச்சி. "என் கண்ணே கேஜ்"னு சொன்ன ஆளை நினைச்சி நல்லா திட்டினேன். பின்னைத் திருப்பறது, சுத்தறது, திருப்பறது, சுத்தறதுன்னு ஒரு பகல் பூரா போச்சி. அன்பரசன், "போதும்டி, கண்ணுக்கே தெரியல"ன்னாரு. கண்ணுக்குத் தெரியாததுதானே பிள்ளைங்களை வாய்க்காலுக்குக் கொண்டு போச்சி? மறுநாள் திரும்ப ஆரம்பிச்சேன். முள்ளு நின்னுடுச்சி. இன்னொரு தரம் சுத்தினேன். நின்னுடுச்சி.

மாட்டி, ஆளு ஏத்தாம கல்லு மூட்டை ஏத்தி நானு மட்டும் மேலயும் கீழயும் போய் வந்தேன். திரும்ப இறக்கி, கியர்பாக்ஸைப் பிரிச்சி புஷ்ஷைப் பாத்தேன். மூக்கு முழுசும் ஒரே சீரா உரசி இருக்கு.

நீ ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அந்த ஆபீசர்கிட்ட பேசினதைப் பாத்து நானே கொஞ்சம் பயந்துட்டேன். நோன்பு வெச்சிக்கிட்டு அவ்ளோ நேரம் நின்ன. நம்பர் ஏறிடுச்சின்னு சொன்னதும் சிரிச்ச பாரு, தையல் மேஜைல சிரிச்ச சிரிப்பு.

நேத்து எகனாமிக்ஸ், கடைசிப் பரீட்சை. என் வண்டிலதான் கொண்டு போனேன். அப்பன்மாருங்களைக் கூட வர்றீங்களான்னு கேட்டதுக்கு முதல்ல சுந்தரியோட அப்பன்தான் ஏறி உக்காந்தாரு. ஆம்பூர்ல பொண்ணு உள்ள போனப்புறம் பள்ளிக்கூட வாசல்ல நின்னுக்கிட்டு, "காலேஜ் வேலூர்லயா இருக்கு?"ன்னு கேட்டாரு. "இருக்கு அண்ணா. வாரா வாரம் கொண்டு வந்து விடறேன்"னு சொன்னேன்.

இப்போ ஒரு விஷயம். உன்னைக் கேக்காம ஒண்ணு செஞ்சிட்டேன். ஏலகிரில ஜீப்பு ஓட்டறவரு, ரஃபி அகமதுன்னு பேரு, கேள்விப்பட்டு நேரா மலை ஏறி வந்துட்டாரு. அவரு வண்டிலயும் அதே பழைய பம்ப்பு இன்ஜின், அதே கஷ்டம். "செஞ்சி தர்றீங்களா?"ன்னாரு. செய்யறோம்னு சொல்லிட்டேன். செய்யறேன்னு சொல்லல, செய்யறோம்னு சொன்னேன். அடிவாரத்துல பஸ் ஸ்டாப் பக்கத்துல ஒரு ஷெட்டு காலியா இருக்கு, அதையும் கேட்டுட்டேன். போர்டும் எழுதச் சொல்லிட்டேன். "ஹுமேரா – முத்துமாரி. இன்ஜின், கியர்பாக்ஸ் மாற்றித் தரப்படும்." சண்டை போடணும்னா நேர்ல வா. லெட்டர்ல வேணாம்.

முத்துமாரி

*

ஆம்பூர்
29 மார்ச் 2025

முத்துமாரி,

பெருநாள் முடிஞ்ச மறுநாள் வர்றேன். சண்டை போடத்தான்.

ஷெட்டுக்கு சிமெண்டுத் தரை இருக்கான்னு நீ எழுதவே இல்ல. மண்ணுத் தரைன்னா கேஜ் வெச்சி வேலை செய்ய முடியாது, முதல்ல தரை போடணும். ரஃபி அகமதுகிட்ட அவரு வண்டியோட கியர்பாக்ஸ் நம்பரை எழுதி வாங்கி வை. பாக்காம சரின்னு சொல்லாத, நானும் சொல்ல மாட்டேன். என் ஷெட்டுல கெடக்குற அந்தப் புது மாடல் இன்ஜினை லாரில ஏத்திக் கொண்டு வர்றேன். அவருக்கு அதைத்தான் போடப் போறோம்.

போர்டுல "மாற்றித் தரப்படும்"னு இருக்கறதை அழிச்சிட்டு "மாற்றித் தருகிறோம்"னு எழுதச் சொல்லு. யாரு செய்யறாங்கன்னு ஜனத்துக்குத் தெரியட்டும்.

ஹுமேரா